அடித்த ஐந்து வரி

லூர்துமேரி டீச்சர் அந்த ஐந்து வரிகளை அடித்தது ஆகஸ்ட் மாதம் ஒரு வியாழக்கிழமை, மரக்காணம் போகும் காலை பஸ்ஸில். பெருமுக்கல் மலை ஜன்னலில் வந்து போன நேரம் அது. பஸ் ஒரு குழியில் இறங்கி ஏறியதால் சிவப்புக் கோடு கோணலாகப் போய்விட்டது. கோணலாகப் போனதற்காக 'ச்சே' என்று சொல்லிக்கொண்டார். அன்றைக்கு அவர் வருத்தப்பட்டது அது ஒன்றுக்குத்தான். மற்ற வருத்தமெல்லாம் செப்டம்பரில் மொத்தமாக வந்தது.

டீச்சர் கெட்டிக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லையென்றால் கதை அவருக்கு அநியாயம் செய்ததாகிவிடும். திண்டிவனத்திலிருந்து தினமும் வந்து போகிறவர், பிளஸ் ஒன்னுக்குத் தமிழ் எடுப்பவர், பதினான்கு வருடமாகக் கட்டுரை நோட்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர். கட்டுரை நோட்டு என்பது என்னவென்று அதைத் திருத்தியவர்களுக்குத்தான் தெரியும். நம் பிள்ளைகளிடம் 'திருத்தி எழுதிட்டு வா' என்று சொன்னால் அவர்களுக்கு விளங்குவது ஒன்றே ஒன்றுதான். ரஃப் நோட்டில் இருப்பதை ஃபேர் நோட்டில் ஏற்ற வேண்டும். தலைப்புக்குக் கறுப்பு மை, உள்ளே நீலம், சுற்றிலும் ஸ்கேல் வைத்து மார்ஜின், மூலையில் ஒரு ரோஜாப்பூ. சமாசாரம் முதலில் எந்த லட்சணத்தில் இருந்ததோ அதே லட்சணத்தில் பவுடர் பூசிக்கொண்டு வந்து நிற்கும். பத்து வருடமாகப் பள்ளிக்கூடம் கற்றுக்கொடுத்தது அதைத்தான், பிள்ளைகளைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை.

இந்த வருடம் ஜூனில் விழுப்புரத்தில் இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். மற்ற ஆசிரியர்கள் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டு திரும்பினார்கள். லூர்துமேரி டீச்சர் மட்டும் தலைகால் புரியாத சந்தோஷத்தோடு திரும்பினார். வந்த வேகத்தில் வகுப்பில் புதுச் சட்டம் போட்டார். ரப்பர் கூடாது, வைட்னர் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது. ஒரே கட்டுரையை ரஃப் நோட்டிலேயே மூன்று முறை எழுத வேண்டும். வேண்டாததை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் இருப்பவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கேட்கிறவர் கேள்வி கேட்க வேண்டும்.

"கடைசியா ஒண்ணு" என்றார் டீச்சர். "ஒவ்வொரு பத்தியையும் நிக்க வச்சுக் கேளுங்க. நீ எதுக்கு இங்க வந்த, தலைப்புக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்னு கேளுங்க. முழிக்குதா, வெளிய அனுப்பிடுங்க. எவ்ளோ அழகா இருந்தாலும் அனுப்பிடுங்க. பிடிச்சத எடுக்கறதுக்குத்தான் தைரியம் வேணும்."

வகுப்பு சிரித்தது. ஆனால் வேலை செய்தது. எக்கியார்குப்பத்து ஐயப்பன் கடலைப் பற்றி எழுதும்போது வழக்கம்போல நோட்ஸிலிருந்து 'முத்துகளை வாரி வழங்கும் அன்னை' என்று ஆரம்பித்திருந்தான். பக்கத்து மாணவன், "நம்ம கடல்ல எங்கடா முத்து கெடைக்குது, எங்க அப்பாவுக்கு ஒண்ணு எடுத்துக் குடேன்" என்று கேட்டுவிட்டான். அடுத்த முறை ஐயப்பன் முத்தை அனுப்பிவிட்டு, வலையில் மீனைவிட பிளாஸ்டிக் பை அதிகம் வந்த ஒரு விடியற்காலையை எழுதிக்கொண்டு வந்தான். டீச்சர் அதை ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார். ஆசிரியர் வேலையில் அப்படி ஒரு நாள் எப்போதாவதுதான் வரும், அன்றைக்கு அவருக்கு வந்தது.

ஜூலைக் கடைசியில் மாவட்டக் கட்டுரைப் போட்டி அறிவித்தார்கள். தலைப்பு, 'எங்கள் ஊர்த் தொழில்'.

இலக்கியா கடைசிக்கு முந்தைய பெஞ்சில் உட்காரும் பெண். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் அவள் இருப்பதே தெரியாது. அப்பா கலியன், அம்மா அருக்காணி, இருவரும் உப்பளத்தில் கூலி. தம்பி ஒருவன் ஆறாவது படிக்கிறான். அவள் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தபோது டீச்சருக்கே ஆச்சரியம்.

நன்றாகத்தான் எழுதியிருந்தாள். தண்ணீர் விடுவதற்கு முன்னால் பாத்தியை எப்படி மிதிக்கிறார்கள், நாள் கணக்கில் மிதித்து மிதித்துத் தரை எப்படி இறுகுகிறது, வெயில் ஏற ஏறத் தண்ணீரின் மேல் பாலாடை மாதிரி உப்பு எப்படிப் படிகிறது என்றெல்லாம் எழுதியிருந்தாள். நோட்ஸ் வாசனையே இல்லை. இரண்டாம் பக்கத்தின் நடுவில் இந்த ஐந்து வரிகள் இருந்தன:

'போன மாதம் அப்பா காலில் ஆணி ஏறியது. ஏறியது அப்பாவுக்கே தெரியவில்லை. பாத்தியில் தண்ணீர் சிவப்பாக இருப்பதைப் பார்த்து நான்தான் சொன்னேன். வலிக்கவே இல்லை என்று அப்பா சிரிக்கிறார். புண் இன்னும் ஆறவில்லை, எனக்குப் பயமாக இருக்கிறது.'

டீச்சர் இதை பஸ்ஸில் படித்தார். படித்ததும் அவருக்குத் தோன்றியது இவ்வளவுதான். முன்பத்தி தரையை மிதிப்பது, பின்பத்தி உப்பு படிவது, நடுவில் இது எதற்கு? சிவப்புப் பேனாவை எடுத்து அடித்தார். ஓரத்தில், 'கட்டுரை உப்பைப் பற்றியது. கவனம் சிதறுகிறது' என்று எழுதினார்.

அன்று காலை ஆறரை மணிக்கு அவர் சர்க்கரை மாத்திரை போட்டிருந்தார். நாலு வருடமாகப் போடுகிறார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் அவரைச் செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டு, "தெரியுதா? இங்க தெரியுதா?" என்று கேட்பார். தெரியாமல் போனால் என்ன ஆகும் என்று அங்கே சுவரில் படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள். காலில் குத்தியது தெரியவில்லை என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அந்தப் பள்ளிக்கூடத்தில் வேறு யாரையும்விட லூர்துமேரி டீச்சருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தவர் கையில்தான் அந்த நோட்டு வந்து சேர்ந்தது. அவர் கையில் பேனா இருந்தது.

வகுப்பில் நோட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது இலக்கியா கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி?"

"டீச்சர், அந்த... அப்பா கால் வர்ற எடம்..."

"நல்லாத்தான் எழுதியிருக்க. இல்லன்னு சொல்லல. ஆனா அது வேற கட்டுரைக்கு. இது உப்பு. படிக்கிறவங்க உப்பப் பாத்துட்டே வர்றாங்க, திடீர்னு உங்க அப்பா கால்ல கொண்டு போய் நிறுத்துற. புரியுதா?"

"புரியுது டீச்சர்."

"எடுத்துட்டா வலிக்கும். எடுத்துப் பாரு, கட்டுரை எப்படி நிக்குதுன்னு."

இலக்கியா தலையாட்டிவிட்டுப் போனாள். பக்கத்தில் உட்காரும் வினோதினிதான் அவளுக்குக் கேள்வி கேட்கும் ஜோடி. அவளும் கேட்டாளாம், "எந்தக் காலுடி, ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா?" என்று. பிறகு டீச்சர் போட்ட கோட்டைப் பார்த்ததும், இதைப் பற்றிக் கேட்கக் கூடாது போலிருக்கிறது என்று அடுத்த பத்திக்குப் போய்விட்டாளாம். இது பின்னால் தெரிந்த விஷயம்.

இரண்டாம் முறை எழுதியபோது அந்த வரிகள் மூன்றாம் பக்கத்துக்கு வந்திருந்தன. வாரி எடுத்த உப்பைக் கூடையில் சுமந்து கரைக்குக் கொண்டு போகும் இடத்தில், நடப்பதைப் பற்றிப் பேச்சு வருகிறதல்லவா, அங்கே நைசாகச் செருகியிருந்தாள். ஐந்து வரி மூன்றாகச் சுருங்கியிருந்தது. ஆணி இருந்தது, சிவப்புத் தண்ணீர் இருந்தது, பயம் இருந்தது. டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுதுகிறவர்களுக்கு ஒரு வரி மேல் ஆசை வந்துவிட்டால் அதைப் பின்வாசல் வழியாகவாவது உள்ளே கொண்டுவரப் பார்ப்பார்கள் என்று பயிற்சியில் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. 'பிடிவாதக்காரி' என்று செல்லமாக எழுதிவிட்டு மறுபடி அடித்தார். இந்த முறை கோடு நேராக இருந்தது.

மூன்றாம் முறை எழுதி வந்தபோது ஆணி இல்லை. சிவப்புத் தண்ணீர் இல்லை. அப்பாவே இல்லை. கடைசிப் பத்தியில் ஒரே ஒரு வாக்கியம் மட்டும் இருந்தது: 'உப்பில் நிற்கிற கால்களுக்கு வலி தெரிவதில்லை.'

டீச்சருக்குப் புல்லரித்தது. உண்மையிலேயே கையில் முடி சிலிர்த்தது. இதுதான், இதற்குத்தான் இவ்வளவு பாடு என்று நினைத்தார். வகுப்பில் இலக்கியாவை எழுந்து நிற்கச் சொல்லி அந்த வரியை இரண்டு முறை படிக்க வைத்தார். "பாத்தீங்களா? மொதல்ல நாலு பக்கம் சொல்லியும் சொல்ல முடியாதத ஒரே வரியில சொல்லிட்டா. அடிச்சு அடிச்சுத்தான் இது வந்துச்சு" என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள். இலக்கியா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கூச்சம் என்று டீச்சர் நினைத்துக்கொண்டார்.

கட்டுரை மாவட்டத்துக்குப் போனது. முதல் பரிசு வந்தது. நடுவர்கள் தனியாகக் குறிப்பிட்டுப் பாராட்டியது அந்தக் கடைசி வரியைத்தான். தலைமையாசிரியர் சடையப்பன் காலைக் கூட்டத்தில் மைக்கில் அதைச் சொன்னார். சொல்லும்போது 'கால்களுக்கு' என்கிற இடத்தில் ஒரு நிறுத்தம் விட்டு, குரலைத் தாழ்த்தி, மேடைப் பேச்சாளர் மாதிரிச் சொன்னார்.

பரிசு வாங்க விழுப்புரம் அழைத்துப் போக வேண்டும், வீட்டில் கையெழுத்து வேண்டும். செப்டம்பர் முதல் வாரத்தில் கலியன் வந்தார். உப்பு அறுவடை மும்முரமாக நடக்கும் நேரம், அரை நாள் விட்டுவிட்டு வந்திருந்தார். ஸ்டாஃப் ரூம் வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. செருப்பை வெளியே விட்டிருந்தார். இடது காலில் துணி சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் கவரை மாட்டி, சணலால் கட்டியிருந்தார். இலக்கியா அவர் பக்கத்தில் நின்றாள்.

"வணக்கம் டீச்சர். பாப்பா நல்லா எழுதிச்சாமே."

"நல்லாவா? ஜில்லாவிலேயே முதல் பரிசுங்க. நீங்க குடுத்து வச்சவர்."

கலியன் சிரித்தார். வெயிலில் கறுத்து, பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்த சிரிப்பு. "எனக்கு அதெல்லாம் இன்னா தெரியும் டீச்சர். எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

டீச்சர் படிவத்தை நீட்டும்போது காலைப் பார்த்தார். பார்த்தார் என்பதைத் தன்னிடமிருந்தே மறைக்கப் பின்னால் அவர் எவ்வளவோ முயற்சி செய்தார், முடியவில்லை.

"கால்ல என்னங்க?"

"ஒண்ணுமில்ல டீச்சர். உப்புல நிக்கிற காலு, அப்படித்தான் இருக்கும். வலியெல்லாம் ஒண்ணும் இல்ல."

"பாத்துக்கங்க" என்றார் டீச்சர்.

இலக்கியா டீச்சர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கொட்டாமல், எதற்கோ காத்திருக்கிற மாதிரிப் பார்த்தாள். விழுப்புரம் மேடையை நினைத்துப் பயப்படுகிறாள் என்று டீச்சர் நினைத்தார். "பயப்படாத, நான் கூட இருப்பேன்" என்றார். கலியன் கையெழுத்துப் போட்டுவிட்டு, வாசலில் செருப்பை மாட்டக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார். காலை உள்ளே நுழைத்துவிட்டோமா என்று குனிந்து பார்த்துத்தான் அவருக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதையும் டீச்சர் பார்த்தார். அடுத்த பீரியட் மணி அடித்துவிட்டது.

விழுப்புரத்தில் பரிசு வாங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. சான்றிதழ், கேடயம், ஒரு பேனா செட். திங்கட்கிழமை இலக்கியா பள்ளிக்கு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை. புதன்கிழமை வினோதினி சொன்னாள்: "அவங்க அப்பாவுக்கு ரொம்ப காய்ச்சல் டீச்சர். பேச்சு மூச்சு இல்லாம பாண்டி பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. சுகர் இருந்துச்சாம், அவருக்கே தெரியாதாம். காலு அழுகிப் போச்சாம்."

"எந்தக் காலு?" என்று கேட்டார் டீச்சர். எந்தக் கால் என்று அவருக்குத் தெரியும்.

முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். ஆனால் விஷம் ஏற்கெனவே ரத்தத்தில் கலந்துவிட்டிருந்தது. மூன்றாம் நாள் கலியன் இறந்துபோனார். நாற்பத்து மூன்று வயது.

உடலை எடுப்பதற்கு முன்னால் டீச்சர் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். உப்பளத்து ஆட்கள் வேலையைப் பாதியில் விட்டு வந்திருந்தார்கள். அவர்கள் கால்களில் உப்பு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. அருக்காணி டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "வலிக்கல வலிக்கலன்னே சொன்னாரு டீச்சர். வலிக்கலன்னா நல்லதுதானன்னு இருந்துட்டேன். நாங்க இன்னாத்தக் கண்டோம். படிச்சவங்க யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா தூக்கிட்டு ஓடியிருப்பேனே." பக்கத்துச் சுவரில், கலியன் கையாலேயே ஆணி அடித்து மாட்டிய சான்றிதழ் தொங்கியது.

மறுநாள் அவர் முதல் ஆளாகப் பள்ளிக்கு வந்தார். போட்டிக்கான ரஃப் நோட்டுகள் அவர் அலமாரியில்தான் இருந்தன. ரஃப் நோட்டையும் ஒப்படைக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இலக்கியாவின் நோட்டை எடுத்து இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். அடித்தது படிக்கத் தெரிய வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம்தான், அதனால் எல்லாமே தெரிந்தது. ஆணி, சிவப்புத் தண்ணீர், வலிக்கவில்லை, ஆறவில்லை, பயமாக இருக்கிறது. மேலே கோணலாக அவர் கோடு. ஓரத்தில் அவர் கையெழுத்தில், கவனம் சிதறுகிறது.

இரண்டாம் முறை எழுதியதன் மூன்றாம் பக்கத்தில் மறுபடி. அங்கே, பிடிவாதக்காரி.

கடைசிப் பத்தியில் அந்த ஒற்றை வரி. அதற்குக் கீழே சிவப்பு மையில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டிருந்தார். ஜில்லாவே மெச்சிக்கொண்ட அந்த வரி, ஒரு பெண் தன் அப்பாவின் நோயை இருந்தது இருந்தபடி எழுதிய வரி. கேட்டவர்கள் அதைக் கவிதை என்று நினைத்துக் கை தட்டினார்கள். முதலில் தட்டவைத்தது அவர்.

டீச்சர் அன்றைக்கு அழுதது கலியனுக்காக மட்டும் இல்லை. தன்னை நினைத்துத்தான் அதிகம் அழுதார். அதற்காகவும் அவருக்கு வெட்கமாக இருந்தது. வீட்டில் ஜான்சன், "உனக்கு எப்படித் தெரியும் மேரி, நீ என்ன டாக்டரா?" என்றார். மனைவி அழுவதைப் பொறுக்காத கணவன் சொல்கிற வார்த்தை. அது உண்மையில்லை என்று இருவருக்கும் தெரியும்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, காலாண்டு விடுமுறையும் முடிந்து, அக்டோபரில் இலக்கியா வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், மற்றபடி அப்படியேதான் இருந்தாள். டீச்சர் மதிய இடைவேளையில் அவளைக் காலி வகுப்புக்கு அழைத்து நோட்டை முன்னால் வைத்தார். என்ன சொல்வதென்று பத்து நாளாக மனதுக்குள் எழுதி எழுதித் திருத்திப் பார்த்திருந்தார்.

"நான்தான் அடிச்சேன்" என்றார் கடைசியில். "நீ ரெண்டு தடவ எழுதின. ரெண்டு தடவையும் நான் அடிச்சேன். என்னை மன்னிச்சுடும்மா."

இலக்கியா திடுக்கிட்டுப் போனாள். டீச்சர் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததில்லை. "ஐயோ டீச்சர், நீங்க சொன்னது சரிதான். அதனாலதான பிரைஸ் வந்துச்சு" என்றாள் அவசரமாக.

"பிரைஸ் கெடக்குது. அத ஏன் எழுதின நீ? அத மட்டும் சொல்லு."

அந்தக் கேள்வியை ஆகஸ்டில் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

இலக்கியா நோட்டின் ஓரத்தை மடித்து மடித்து நிமிர்த்தினாள். "அப்பா யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு. கால்ல புண்ணுன்னு தெரிஞ்சா மேஸ்திரி வேலைக்குக் கூப்ட மாட்டாருன்னு. அம்மாகிட்டயே பாதிதான் சொன்னாரு. எழுதினா சொன்ன மாதிரி ஆவாதுல்ல டீச்சர்? அதான் எழுதினேன். நீங்க படிச்சா கேப்பீங்கன்னு நெனச்சேன்."

டீச்சர் நோட்டில் தான் போட்ட கோட்டைப் பார்த்தார்.

"மொத வாட்டி அடிச்சதும், சரியா எழுதல போலன்னு எடம் மாத்தி எழுதினேன். அப்பா வந்தப்ப நீங்க கால்ல என்னன்னு கேட்டீங்களே, அப்ப சொல்லிடுவீங்கன்னு பாத்தேன். நீங்க ஒண்ணும் சொல்லல." அவள் குரலில் கோபமே இல்லை. நடந்ததை ஒப்பிப்பது போலச் சொன்னாள். "எங்க தெருவுக்கு வர்ற நர்ஸக்காகிட்ட கேக்கலாம்னு இருந்தேன் டீச்சர், சத்தியம் போனாப் போவுதுன்னு. அப்பறம் விட்டுட்டேன். நீங்க ரெண்டு வாட்டி படிச்சீங்க, நேர்லயும் பாத்தீங்க. உங்களுக்கே பயம் வரலன்னதும் எனக்கும் பயம் போயிடுச்சு."

வெளியே பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. டீச்சர் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். இலக்கியா அழவில்லை. டீச்சர் அழுவது நிற்கட்டும் என்று மரியாதையாகக் காத்திருந்தாள்.

அதற்குப் பிறகு டீச்சர் வகுப்பு மாறியது. முதல் முறை படிக்கும்போது பேனாவைத் தொடுவதில்லை, பஸ்ஸில் படிப்பதுமில்லை. ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் பெஞ்சில் உட்கார்ந்து, எந்த வரியாவது வழி தவறி வந்த மாதிரி நின்றால் அதில் விரலை வைத்து, "இத ஏன் எழுதின?" என்று கேட்கிறார். பிள்ளைகள் முதலில் பயந்தார்கள். பிறகு சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவன் சொன்னதைக் கேட்டு டீச்சர் அன்று சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனார். பாடத்திட்டம் பின்தங்கிப் போகிறது என்று சடையப்பன் சார் இரண்டு முறை கூப்பிட்டுச் சொல்லியாயிற்று. டீச்சர் 'சரிங்க சார்' என்று சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்கிறார்.

நவம்பரில் 'எங்கள் வீடு' என்று ஒரு கட்டுரை கொடுத்தார். மழைக்காலம், உப்பளமெல்லாம் வெறும் தண்ணீராகக் கிடந்தது. இலக்கியா முதல் ஆளாக எழுதி முடித்து நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். டீச்சர் படித்தார்.

வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று ஒரு பத்தி. சுவர், கூரை, கதவு பார்க்கும் திசை என்று ஒரு பத்தி. சமைக்கும் இடம், தண்ணீர் பிடிக்கும் இடம். மழைக்குக் கூரை எங்கே ஒழுகும், அங்கே என்ன பாத்திரம் வைப்பார்கள். எல்லாப் பத்தியும் தலைப்புக்குள் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. எதையாவது நிறுத்திவைத்து நீ எதற்கு வந்தாய் என்று கேட்டால் டாண் என்று பதில் சொல்லும். மூன்று முறை எழுத வேண்டிய அவசியமே இல்லாமல் முதல் முறையிலேயே திருத்தி வந்த கட்டுரை. அடிக்க ஒரு வரி கூட இல்லை.

இரண்டாம் பத்தியின் முடிவில் ஒரு வாக்கியம் இருந்தது: 'எங்கள் வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம்.' அதற்கு அடுத்த வாக்கியம் ஜன்னலைப் பற்றியது.

டீச்சர் நோட்டை எடுத்துக்கொண்டு கடைசிக்கு முந்தைய பெஞ்சுக்குப் போனார். வினோதினி நகர்ந்து இடம் விட்டாள். டீச்சர் உட்கார்ந்து, நோட்டைப் பிரித்து, அந்த வரியின் மேல் விரலை வைத்தார்.

இலக்கியா விரலைப் பார்த்தாள். டீச்சர் கையில் பேனா இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு அந்த வரிக்கு மேலே தன் கையை மெதுவாக வைத்து மறைத்துக்கொண்டாள்.

"இது தலைப்புக்குள்ளதான் டீச்சர் இருக்குது" என்றாள்.